ஓரகத்தியின் வலது புருவம்

அன்பும் மரியாதையும் மிக்க அண்ணிக்கு,

உங்கள் பெரிய தம்பியின் மனைவி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அத்தையின் முழங்கால் நலம், உங்கள் தம்பிகள் இருவரும் நலம், பிள்ளைகள் நலம், குழாயில் தண்ணீரும் ஒழுங்காக வருகிறது. அங்கே நீங்களும் அண்ணனும் உங்கள் பொம்மைக் கம்பெனியும் அதேபோல் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். நலம் விசாரிக்கும் பகுதி இத்துடன் முடிந்தது. இனி வருவதைத் தயவுசெய்து உட்கார்ந்து படிக்கவும்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். இந்த வீட்டின் மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் நடுவில் இருப்பது தளமா தாளா என்று எனக்குச் சந்தேகம். கீழே நான் ஒரு தடவை இருமினால் போதும், மேலேயிருந்து "அக்கா, வெந்நீர் வைக்கட்டுமா?" என்று உங்கள் சின்னத் தம்பியின் மனைவி, சின்னவள், குரல் கொடுக்கிறாள். அவளைப் பற்றி அவள் காதில் விழாமல் பேச இந்த வீட்டில் இடமில்லை. அதனால்தான் கடிதம். ஓரகத்தி என்ற சொல்லை இதுவரை நான் எழுதிப் பார்த்ததில்லை. இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது, அதன் முடிவில் ஒரு கத்தி நிற்கிறது.

கணினியில் உருவம் செதுக்க உங்கள் கம்பெனிக்கு ஓர் ஆள் வேண்டும், வீட்டிலிருந்தே செய்யலாம், வெளியாளுக்குப் போகிற வேலை நம் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும் என்று சொன்னீர்கள். நல்ல மனசு. ஆனால் கணினியில் செருகி வரைகிற பேனாவும் பலகையும் ஆளுக்கொன்று அனுப்பி, "ரெண்டு பேரும் கத்துக்குங்க, யாருக்குக் கை நல்லா வருதோ அவங்களுக்கு" என்று சொன்னீர்கள் பாருங்கள், அங்கேதான் தப்பு. வேலை ஒன்று, ஓரகத்திகள் இரண்டு. நான் விலங்கியல் படித்தவள். கல்லூரியில் தவளையின் மண்டையோட்டை நான் வரைந்தால் பேராசிரியை அதை அடுத்த வகுப்புக்கு எடுத்துப் போய்க் காட்டுவார். அதன் பிறகு நான் வரைந்ததெல்லாம் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் படங்கள். பூவின் குறுக்கு வெட்டுத் தோற்றத்துக்கு மதிப்பெண் வாங்கியது அவர்கள். என் கை செய்த ஒரு வேலையை யாராவது என் கை செய்தது என்று சொல்லிக் கேட்டு எத்தனையோ காலமாகிறது. அதனால் இந்த வேலை எனக்கு வேண்டும், அண்ணி. சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். சின்னவள் படித்தது வணிகவியல். அவள் வாழ்க்கையில் இதுவரை வரைந்தது கூட்டலுக்கு அடியில் போடுகிற கோடு மட்டும்தான்.

வகுப்பு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில். படி ஏறும்போதே சுவரில் வரிசையாகக் கண்கள் நம்மைப் பார்க்கும். மாணவர்கள் நாங்கள் இருவரும், ஒரு பல் டாக்டரும். அவர் பல் கட்டுவதற்கு இந்தப் பாடம் உதவும் என்று வந்தவர். இன்றுவரை அவர் செய்யும் மூக்கு, காது, முழங்கை எல்லாம் கடைவாய்ப்பல் மாதிரிதான் இருக்கிறது. சொல்லிக்கொடுப்பவர் ஒரு பெண். நாங்கள் என்ன தப்பு செய்தாலும் "அன்டூ போடுங்க மேடம், ஒண்ணும் ஆகலை" என்பார். கடைசியாகச் செய்ததைச் செய்யாததாக்கிவிடும் பொத்தான் அது, முதல் நாள் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. வாழ்க்கையில் வேறெங்கும் கிடைக்காத வசதி இது என்றுகூட நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு முடிவதற்குள் சின்னவள் என் பக்கம் திரும்பினாள்.

நடந்தது இதுதான். எல்லா உருவமும் ஒரு பந்திலிருந்து தொடங்குகிறது. பேனாவைத் திரையில் இழுத்தால் பந்து வரும். வந்தது. அதைத் திருப்பிப் பார்க்கலாம் என்று மறுபடி இழுத்தேன், இன்னொரு பந்து வந்தது. அது வேண்டாம் என்று ஓரமாகத் தள்ளப் பார்த்தேன், மூன்றாவது வந்தது. சற்று நேரத்தில் என் திரை பட்டாணி உரித்துக் கொட்டிய முறம் மாதிரி ஆகிவிட்டது. டீச்சர் வருவதற்குள் எதையாவது மறைக்கலாம் என்று நான் படபடவென்று பேனாவை ஓட்ட, பட்டாணி மேலும் பெருகியது. பக்கத்து இருக்கையில் சின்னவளின் ஒற்றைப் பந்து அவள் சொன்ன பக்கமெல்லாம் சமர்த்தாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அவள் அதற்குள் அதற்குக் கண்குழிகூட வைத்துவிட்டாள்.

"அக்கா, முதல் பந்து வந்த உடனே அந்த எடிட் பட்டனை அமுக்கணும்க்கா. அமுக்கலைன்னா அது படம்தான், உருவம் இல்லை."

எவ்வளவு அன்பாகச் சொன்னாள் தெரியுமா? பல் டாக்டருக்கும் கேட்கிற அளவுக்கு அன்பாக.

அடுத்த சங்கடம் நீங்கள் அனுப்பிய பேனா. அதற்கு அழுத்தம் தெரியுமாம். மெல்ல வைத்தால் மெல்லிய கீறல், அழுத்தி வைத்தால் ஆழமான பள்ளம். விளையாட்டுச் சாமான்தானே என்று நினைத்தேன். பிறகுதான் அது என் மனசைப் படிக்கிற கருவி என்று தெரிந்தது. நான் கன்னத்தை மிருதுவாக வளைத்துக்கொண்டிருப்பேன். டீச்சர் அந்தப் பக்கம் குனிந்து, "ஆஹா, இந்தத் தாடை வளைவு எப்படி மேடம் வந்தது உங்களுக்கு?" என்று சின்னவளிடம் கேட்பார். என் திரையில் கன்னத்தில் ஒரு கிணறு. "முதல் வாரத்துலயே இப்படிச் செஞ்சவங்க யாருமில்லை" என்பார். இன்னொரு கிணறு. அன்டூ போட்டேன். கிணறு போனது, பாராட்டு போகவில்லை. ஒருநாள் என் உருவத்தின் முகத்தைப் பார்த்த பல் டாக்டர், "பெரிய மேடம், இது அம்மை வந்து குணமான முகமா?" என்று நிஜமான அக்கறையுடன் விசாரித்தார். அந்த அக்கறைக்காகவே அவரை மன்னிக்க முடியவில்லை.

பள்ளங்களை எல்லாம் ஒரேயடியாகச் சரிசெய்ய ஒரு வழி உண்டு. ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு தேய்த்தால் எல்லாம் வழவழப்பாகும். எனக்குப் பிடித்துப்போன ஒரே பாடம் அதுதான். தேய்த்தேன். பள்ளம் போயிற்று. இன்னும் கொஞ்சம் தேய்த்தேன், மூக்கு இறங்கியது. மூக்கு இறங்கிய இடம் உறுத்தலாக இருந்ததால் அதையும் தேய்த்தேன். நிமிர்ந்து பார்க்கும்போது முகம் இருந்த இடத்தில் வழுக்கையான ஏதோ ஒன்று என்னைப் பார்க்கக் கண்ணில்லாமல் நின்றது. சின்னவள் எட்டிப் பார்த்தாள். "சோப்பா அக்கா? ரொம்ப தத்ரூபமா இருக்கு!" கேலி செய்தாள் என்றால் சண்டையாவது போடலாம். அவள் கேலி செய்யவில்லை. அவளுக்குக் கேலி செய்ய வராது. அந்தக் குறையைக்கூட அவள் எனக்கு விட்டுவைக்கவில்லை.

வீட்டில் பயிற்சி செய்யலாம் என்று உட்கார்ந்த அன்று நடந்ததையும் கேளுங்கள். மாஸ்க் என்று ஒன்று இருக்கிறது. உருவத்தில் எந்தப் பகுதிமேல் அதைப் பூசுகிறோமோ அந்தப் பகுதியில் அதன் பிறகு கை வைத்தாலும் ஒன்றும் நடக்காது. காதைப் பத்திரப்படுத்தலாம் என்று பூசப் போய், தெரியாமல் முழுத் தலைக்கும் பூசிவிட்டேன் போலிருக்கிறது. குத்துகிறேன், இழுக்கிறேன், கிள்ளுகிறேன், அந்தத் தலை அத்தை மாதிரி அசையாமல் இருக்கிறது. (உங்கள் அம்மாதான், ஆனாலும் உண்மை.) பேனா கெட்டுவிட்டது என்று உங்கள் பெரிய தம்பியைக் கூப்பிட்டேன். வீட்டில் எந்தச் சாமான் மக்கர் செய்தாலும் அவரிடம் ஒரே வைத்தியம்தானே?

"ஒரு தடவை அணைச்சுப் போடு."

"இவ்வளவு நேரம் செஞ்சதெல்லாம் போயிடுமே."

"சேவ் பண்ணினியா?"

"பண்ணினேன்."

"அப்புறம் என்ன, இருக்கும்." அணைத்துப் போட்டார். திறந்தேன். இருந்தது. ஆனால் நான் சேமித்தது முகத்தை அல்லவாம், முகத்தின் படத்தை. தட்டையாக, முன்பக்கம் மட்டும்.

"இருக்குதானே?" என்றார்.

"இருக்கு. எந்தப் பக்கமும் திரும்ப மாட்டேங்குது."

"உன்னை மாதிரியே வந்திருக்கு" என்று சொல்லிவிட்டுச் செய்தி பார்க்கப் போய்விட்டார். அந்த நேரம் மேலே சின்னவளின் அறையில் உங்கள் சின்னத் தம்பி, "அடேயப்பா! இது நானா?" என்று கூவுவது கேட்டது. அவள் அவரைச் செய்திருக்கிறாள். பிறகு நானும் போய்ப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. இருக்காதா? உங்கள் சின்னத் தம்பிக்கு இல்லாத தாடையை அவள் சொந்தப் பொறுப்பில் வைத்துச் செய்திருந்தாள். அவர் இப்போது அந்தத் தாடையுடன்தான் நடமாடுகிறார். கண்ணாடி முன்னால் கழுத்தை நீட்டி நிற்கிறார். உங்கள் கம்பெனிக்கு வேண்டியது உள்ளது உள்ளபடி செதுக்குகிற கையா, முகஸ்துதி செய்கிற கையா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். சிமெட்ரி என்று ஒரு பொத்தான் உண்டு. அது இயங்கிக்கொண்டிருக்கும் வரை இடது பக்கம் நீங்கள் எதைச் செய்தாலும் வலது பக்கமும் அதுவே தானாக நடக்கும். ஒரு கண் வைத்தால் இரு கண். கன்னத்தில் ஒரு மச்சம் வைத்தால் மறு கன்னத்திலும் மச்சம். டீச்சர் இதை விளக்கியபோது வகுப்பில் உடனே புரிந்துகொண்டது நான் ஒருத்திதான், ஏனென்றால் கல்யாணமான நாள் முதல் நான் அதற்குள்ளேதான் வாழ்கிறேன். அத்தைக்கு நியாயம் முக்கியம். எனக்குக் குக்கர் வாங்கினால் அவளுக்கும் அதே குக்கர், அதே கைப்பிடி. என் அறைக்குப் பச்சைத் திரைச்சீலை என்றால் அவள் அறைக்கும் பச்சை. அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது எனக்கும் ஒரு மாத்திரை கொடுத்தார். நீங்கள் அந்த அம்மாவின் மகள்தான் என்பது இரண்டு பேனாக்களைப் பார்த்ததும் தெரிந்தது. எல்லாம் சமமாகத்தான் வருகிறது அண்ணி. வந்த பிறகு அவளிடம் இருப்பது மட்டும் ஏன் பளபளக்கிறது என்பதுதான் எனக்குப் புரிந்ததில்லை. அதே குக்கர். அவளுடையது விசில் அடித்தால் பாட்டு மாதிரி இருக்கிறது.

வகுப்பின் கடைசித் தேர்வு, ஒரு முகம். "முதல்ல சிமெட்ரி போட்டு முழு முகத்தையும் செய்யுங்க. கடைசியா அதை அணைச்சுட்டு ஒரு பக்கத்தை மட்டும் கொஞ்சம் மாத்துங்க. யாருக்கும் ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்காது. அணைச்ச பிறகுதான் பொம்மை மனுஷியாகும்" என்றார் டீச்சர். நான் என் முகத்தையே செய்வது என்று முடிவு செய்தேன். கைக்கண்ணாடி ஒன்றைத் திரைக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்தேன். விலங்கியல் படித்த தைரியத்தில் மண்டையோட்டிலிருந்து தொடங்கினேன். கன்ன எலும்பு, கண்குழி, தாடை என்று ஒவ்வொன்றாக வந்தது. சின்னவள் அன்று வேறு மூலையில் உட்கார்ந்திருந்ததாலோ என்னவோ பேனாவுக்கும் கோபம் வரவில்லை. மூக்கு நிமிர்ந்தது, உதடு சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பது போல் நின்றது. பரவாயில்லையே, நான் இவ்வளவு லட்சணமா என்று நினைத்தேன். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கடைசியில் சிமெட்ரியை அணைத்தேன். கை தானாகப் போய் வலது புருவத்தைப் பிடித்துக் கொஞ்சம் மேலே தூக்கியது. அவ்வளவுதான்.

"அட, நம்ம சின்ன மேடம்!" என்றார் பல் டாக்டர்.

கண்ணாடியில் என் முகம் இருந்தது. திரையில் அவள் முகம் இருந்தது. என் புருவங்கள் இரண்டும் ஒரே மட்டம். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை. வீட்டில் கண்ணாடியைப் பார்த்ததைவிட அதிகமாக நான் அவளைத்தான் பார்த்திருக்கிறேன் போலிருக்கிறது. அவள் சாப்பிடும்போது, துணி மடிக்கும்போது, அத்தை அவளைப் புகழும்போது, வந்தவர்கள் எல்லோரும் அவளிடமே பேசும்போது, ஒவ்வொரு தடவையும் நான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். எல்லாம் விரல் நுனியில் வந்து நிற்கிறது. இதை அன்டூ போட முடியுமா என்று அந்த நிமிடம் யோசித்தேன். ஆனால் இவ்வளவு நன்றாக நான் வேறெதையும் செய்ததில்லை. மனசு வரவில்லை.

சின்னவள் எழுந்து வந்தாள். திரையில் இருந்த தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா... இந்தப் புருவம் ஒரு நூல் மேல நிக்குமே, இது உங்களுக்கு எப்படித் தெரியும்? எங்க வீட்டுக்காரருக்கே தெரியாது."

"தெரியும்" என்றேன்.

"என்னை இவ்வளவு கவனிச்சுப் பார்த்தவங்க யாருமே இல்லைக்கா" என்று கண் கலங்கிப் பேனா பிடித்த என் கையை அப்படியே பிடித்துக்கொண்டாள். அவள் பிடித்த பிடியில் பேனா அழுந்தி, திரையில் அவள் நெற்றியில் நீளமாக ஒரு கோடு விழுந்தது. "ஐயோ" என்று இருவரும் ஒன்றாகக் கத்தினோம். அன்டூ போட்டேன். அது பாசம் இல்லைம்மா, பொறாமை என்று அவளிடம் சொல்லத்தான் நினைத்தேன். கண்ணில் நீரோடு நிற்பவளிடம் அதை எப்படிச் சொல்வது? அழும்போதும் அவள் மூக்கு சிவக்கவில்லை என்பதை மட்டும் கவனித்துக்கொண்டேன்.

சரி, இதோடு என் கைவேலை ஊருக்குத் தெரிந்துவிட்டது என்று வீட்டுக்கு வந்து அத்தையிடம் திரையைக் காட்டினேன். அத்தை மூக்குக்கண்ணாடியைப் போட்டு, கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார்.

"என்ன களை பாரு முகத்துல!"

"யார் செஞ்சதுன்னு கேளுங்க அத்தை."

"நீதான் செஞ்சே, தெரியுது. அதுக்கென்ன? முகம் அவளோடதுதானே."

இதற்கு மேல் நான் எழுத வேண்டியதில்லை. உழைத்தது நான், பெயர் அவளுக்கு. என் முகத்தைச் செய்ய உட்கார்ந்தாலும் அவளுக்குத்தான் பாராட்டு. அந்தத் தலையை உங்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். எல்லாப் பக்கமும் திருப்பிப் பாருங்கள், இந்தத் தடவை ஒழுங்காகச் சேமித்திருக்கிறேன். பார்க்கும்போது தயவுசெய்து முகத்தைப் பார்க்காதீர்கள், வேலைப்பாட்டைப் பாருங்கள். நீங்களாவது சிமெட்ரியை அணையுங்கள் அண்ணி. ஆளுக்குப் பாதி வேலை என்று நியாயம் பேசாதீர்கள். ஒரே ஒரு தடவை, ஒரு பக்கத்துக்கு மட்டும் கொடுங்கள். எந்தப் பக்கம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அத்தை உங்களுக்கு ஆசி சொல்லச் சொன்னார். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். போனில் ஏன் இளைத்துத் தெரிகிறாய் என்று கேட்கச் சொன்னார். அண்ணனுக்கு எங்கள் வணக்கம். பிள்ளைகள் இருவரும் தங்கள் அத்தையான உங்களுக்கு முத்தம் என்கிறார்கள். உங்கள் கம்பெனியும் அதில் செய்கிற ஒவ்வொரு பொம்மையும் நன்றாக இருக்க வேண்டும்.

என்றும் உங்கள் அன்புக்குரிய,
பெரியவள்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்துக்கொண்டிருக்கும்போது சின்னவள் இறங்கி வந்தாள். அவசரமாகத் தலையணைக்கு அடியில் தள்ளி அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். "அக்கா, உங்ககிட்ட சொல்ல மறந்துட்டேன். அந்த வேலை உங்களுக்குத்தான்னு அண்ணிக்குப் போன வாரமே போன் பண்ணிச் சொல்லிட்டேன். எனக்கு இது பொழுதுபோக்கு, உங்களுக்கு அப்படி இல்லை. உங்க முகத்தைப் பார்த்தாலே தெரியுதே" என்கிறாள். போன வாரமே! நான் கிணறு தோண்டிக்கொண்டிருந்த வாரத்தில் அவள் விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். உங்களுக்கும் தெரிந்திருக்கிறது, நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் விட்டுக்கொடுத்து எனக்கு ஒரு வேலை வந்ததென்றால் காலம் முழுக்க இந்த வீட்டில் நல்லவள் யார்? ஆகவே மேலே எழுதியதை எல்லாம் எழுதாததாக வைத்துக்கொள்ளுங்கள். வேலையை அவளுக்கே கொடுங்கள். தாடை விஷயத்தை மறந்துவிடுங்கள், அவளுக்கு நல்ல கை. விட்டுக்கொடுப்பது நான்தான். கடிதத்தின் தலையில் தேதி போடாமல் விட்டது நல்லதாகப் போயிற்று. போன வாரத்துக்கு முந்தின வாரம் என்று நீங்களே ஒரு தேதி போட்டுக்கொண்டு, பெரியவள் முதலிலேயே விட்டுக்கொடுத்துவிட்டாள், கடிதம்தான் தாமதமாக வந்தது என்று அவளிடம் சொல்லுங்கள். அவள் அதற்கும் வேண்டாம் என்றால் இன்னொரு தடவை கேளுங்கள். ஒரே ஒரு தடவைதான். அதற்கு மேல் வற்புறுத்தாதீர்கள் அண்ணி, அவள் மனசு இளகியது, சரியென்று சொல்லிவிடுவாள். நான் நாளைக் காலையே வேலை தொடங்கத் தயாராக இருக்கிறேன்.